பிஸ்கட் போன வழி

"வாயைத் திற. ஊது."

மகள் ஊதினாள். அம்மா குனிந்து மோந்து பார்த்தாள். பற்பசை வாசனையைத் தவிர வேறொன்றும் இல்லை.

"முந்திரி எங்கடி போச்சு?"

"தெரியாதும்மா."

"நேத்து அரை டப்பா இருந்தது. முந்தாநாள் பிஸ்கட் ஒரு பாக்கெட். போன வாரம் பேரீச்சம்பழம். எல்லாம் கால் முளைச்சு நடந்து போச்சா?"

மகள் தரையைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்கு எட்டு வயது. உடம்பைப் பார்த்தால் பன்னிரண்டு சொல்லலாம். "இப்பவே எடையைக் குறைக்கணும்" என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அம்மா அளந்துதான் சோறு போடுகிறாள். மகளும் இன்னொரு கரண்டி கேட்டதில்லை.

அந்த அடக்கம்தான் அம்மாவுக்கு உறுத்தியது. முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிற பெண். இப்போது கேட்டால் மட்டும் பதில், அதுவும் முகத்தைப் பார்க்காமல். மடியில் கனம் இல்லாவிட்டால் எதற்கு இந்தத் திருட்டு முழி?

அம்மாவுக்குத் தையல் வேலை. முன்னறையில்தான் மெஷின். கழுத்தில் கிடந்த டேப்பை உருவி மகளின் இடுப்பைச் சுற்றினாள். போன மாதத்தைவிட ஓர் அங்குலம் குறைவு!

"மூச்சை இழுத்துப் பிடிக்காதே. விடு."

"விட்டுட்டேம்மா."

மறுபடி அளந்தாள். அதே அளவு. ஊரையே அளக்கிற டேப் இவளிடம் மட்டும் பொய் சொல்லுமா? திருடித் தின்கிறவளுக்கு இடுப்பு எப்படிக் குறையும்?

"குழந்தையைப் போலீஸ் மாதிரி விசாரிக்காதே" என்றார், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா.

"நீங்க சும்மா இருங்க. நீங்க குடுத்த செல்லம்தான் இங்க வந்து நிக்குது."

அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். என்றைக்காவது கையும் களவுமாகப் பிடிக்காமலா போய்விடுவாள்?

அன்று மதியம் தெருக்கோடி வீட்டுக்காரி ஒரு பள்ளிச் சீருடையோடு வந்தாள். அவள் பெண்ணும் அதே வகுப்புதான். மகளுக்கு இருக்கிற ஒரே தோழி. காற்றடித்தால் பறந்துவிடுவாள் என்று தெருவே அவளை 'ஈர்க்குச்சி' என்றுதான் கூப்பிடும்.

"இடுப்பைக் கொஞ்சம் பிரிச்சு விடுங்கக்கா. கொக்கி மாட்ட முடியல."

"யாருக்கு? ஈர்க்குச்சிக்கா?"

"அந்தக் கூத்தை ஏன் கேக்கறீங்க! கெஞ்சினாலும் ரெண்டு வாய்க்கு மேல தின்னாதவ, ரெண்டு மாசத்துல கன்னம் வச்சுட்டா. விசாரிச்சா, ஸ்கூல்ல முந்திரி தின்னேன், பிஸ்கட் தின்னேங்கறா. எந்தப் புண்ணியவதி குடுக்கறாளோ, வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்கறா."

அம்மாவின் கையில் கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

சாயங்காலம் மகள் பையைக் கழற்றுவதற்குள் அம்மா அவளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் ஈர்க்குச்சிக்கா குடுத்தே?"

மகள் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். "அடிக்காதேம்மா."

"அடிக்கலடி. நீ ஒண்ணுகூட வாயில போடலியா?"

"இல்ல. நான் குறையணும்ல?"

அம்மா அவள் தலையைத் தடவினாள். தன் வாயைக் கட்டிவிட்டு நோஞ்சான் தோழிக்கு ஊட்டியிருக்கிறது இந்தப் பிள்ளை. இதைப் போய் நிற்க வைத்து வாயை ஊதச் சொன்னோமே!

"என் தங்கமே! அவ ஒல்லியா இருக்காளேன்னு பாவப்பட்டியா?"

"அதுக்கில்லம்மா." பல நாளைக்குப் பிறகு மகள் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "மைதானத்துல சீசாப் பலகை இருக்குல்ல? அவளைத் தவிர யாரும் என்கூட அதுல ஏற மாட்டாங்க. நான் உட்கார்ந்தா அவ மேலயே நின்னுடறா, எல்லாரும் சிரிக்கறாங்க. நான் கொஞ்சம் குறைஞ்சு, அவ கொஞ்சம் வெயிட் போட்டா, ஒரே ஒரு தடவை நானும் மேல போவேன்ல?"