ரியால் ஏறிப்போச்சு

“ஏறிடுச்சு பாய், ஏறிடுச்சு!” என்று கத்திக்கொண்டே பூபாலன் கடைக்குள் நுழைந்தான். கையில் அரைக் கிலோ மைசூர்பாகு. அம்பத்தூர் ஓ.டி.யில் இருக்கும் அந்த வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடையில், ரூபாய் விழுந்தால் இப்படித்தான் இனிப்பு வரும்.

நம்ம ரூபாய் நாறிப்போனதற்கு மைசூர்பாகா என்று கேட்காதீர்கள். பூபாலனின் அண்ணன் சவூதியில் இருக்கிறார். அவர் அனுப்பும் அதே ரியாலுக்கு இந்த மாதம் ரூபாய் கூட வரும், வாய் இனிக்காமல் என்ன செய்யும்?

கடைக்காரர் முகமது ஆசிக் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த துலுக்கானத்திடம் பெட்டியை நீட்டினார். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். மடியில் ஒரு கட்டைப்பை, அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

துலுக்கானம் இருக்கிறாரே, அவர் ஒரு தனி ரகம். பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. போகிற வழியில் தினமும் ஏறி வருவார், ரியால் ரேட்டு கேட்பார், ஒரு நோட்டைக்கூட மாற்றாமல் இறங்கிப் போவார்.

மகன் சந்தோஷ், லாரி டிரைவராகச் சவூதிக்குப் போனவன். அவன் அனுப்பிய ரியாலையெல்லாம் பெரியவர் பதுக்கி வைத்துக்கொண்டு, உச்சிக்கு ஏறட்டும் என்று காத்திருக்கிறார், ஊமைக்கோட்டான் என்பது ஆசிக்கின் கணிப்பு. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன், நீங்களும்தான்.

“இன்னிக்கு வாங்குற ரேட்டு இருபத்திமூணு தொண்ணூறு நைனா. இதுக்கு மேல இன்னா வேணும்? எட்த்து வெளிய போடு,” என்றார் ஆசிக்.

“அது எனக்கு இன்னாத்துக்கு பாய்? பக்கத்துல கீற நம்பர சொல்லு.”

“அது நாங்க விக்கிற ரேட்டு. இருபத்திநாலு இருபது.”

துலுக்கானத்தின் முகம் தொங்கிப்போனது. வயசாயிடுச்சு, பலகையில் எந்த வரிசையைப் பார்க்கணும்னு புரியலை போல என்று ஆசிக் விட்டுவிட்டார்.

“புள்ள எப்ப வர்றான் அண்ணாத்தே?” பூபாலன் வாய் நிறைய மைசூர்பாகோடு கேட்டான்.

“வரணும்பா. அவங்கம்மா சாமுண்டீஸ்வரி தெனம் அதையேதான் கேட்டுகினு கீறா. அவன் ஊடு வந்து சேந்தா போதும், எனக்கு வேற ஒண்ணும் வாணாம்.”

“ரேட்டு இப்டி ஏறசொல்லோ எவன் வருவான்? இன்னும் ரெண்டு வருசம் இருந்து அள்ளிகினு வரட்டும், உடு!”

துலுக்கானம் எழுந்து வந்து கட்டைப்பையைக் கவுண்டரில் வைத்து விரித்தார். ஆசிக் எட்டிப் பார்த்தார். அடக் கடவுளே! ரியால் ஒன்றுகூட இல்லை, அத்தனையும் ஐந்நூறு ரூபாய்க் கட்டுகள்.

“கோவில்பதாகைல இருந்த மனைய வித்துட்டேன் பாய். இருபத்திமூணு லட்சம் கீது. ஒரு லட்சம் ரியால் வருமா பாரு.”

“ஐயோ நைனா, இவ்ளோ நோட்ட நான் கையால தொடக்கூடாது. பேங்க்ல போயி கட்டு.”

“அங்கதான் போறேன். கணக்க மட்டும் போட்டு சொல்லு.”

ஆசிக் கால்குலேட்டரைத் தட்டினார். “தொண்ணூத்தஞ்சாயிரம் தேறும். அஞ்சாயிரம் ரியால் துண்டு வியுது.”

“அதெப்டி? போன வருசம் தீவாளிக்கு மனைய வெல பேசசொல்லோ சரியா வந்துச்சே! நல்லா பாரு பாய்.”

ஆசிக் கம்ப்யூட்டரில் பழைய ரேட்டைத் தேடி எடுத்தார். “அப்போ இருபத்திரெண்டு அறுபது. அந்த ரேட்டுக்கு லட்சத்துக்கு மேலயே வந்திருக்கும். அப்பவே முடிச்சிருக்கலாம்ல?”

“பாட்டன் சொத்து பாய், தம்பியும் கையெய்த்து போடணும். ஒரு வருசமா அலைய உட்டு, நேத்துதான் போட்டான்.” துலுக்கானம் தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தார். “இனிமே விக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ரேட்ட கொஞ்சம் கொறைச்சு போடேன் பாய், உன் கால்ல வேணா வியறேன்.”

“நானா நைனா ரேட்டு போடறேன்? என் கையில இன்னா கீது?” ஆசிக்குக்குச் சங்கடமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. “ஏறிகினே போவுது, யார் இன்னா பண்ண முடியும்?”

“பழைய ரேட்டுக்கு தர்றவங்க எங்கனா கீறாங்களா?” என்று கேட்டார் பெரியவர். கேள்வியைப் பாருங்கள்! பச்சைக் குழந்தைகூட அப்படிக் கேட்காது.

பூபாலனுக்குப் பொறுக்கவில்லை. “இன்னா அண்ணாத்தே, கீற மனைய வித்து ரியால் வாங்கி, இன்னும் ஏறினா விக்கலாம்னு பாக்குறியா? இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த சூதாட்டம்? பேராசப்பட்டா உள்ளதும் பூடும்!”

“அதான நைனா,” என்றார் ஆசிக். “அஞ்சாயிரம் ரியால் அவ்ளோ அவசரம்னா உம் புள்ளகிட்ட கேளு. அவன் அங்கதான சம்பாரிக்கிறான்?”

துலுக்கானம் கட்டுகளை மறுபடி பைக்குள் அடுக்க ஆரம்பித்தார். ஒரு கட்டு கீழே விழுந்தது. பூபாலன் குனிந்து எடுத்துக் கொடுத்தான். அதை வாங்கிக்கொண்டவர், யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்:

“அவன் லாரில அடிபட்டு செத்து பூட்டவரு குடும்பத்துக்கு லட்சம் ரியால் குட்த்தாதான், ஜெயில்லேந்து அவன உடுவாங்க பாய்.”