சத்தத்தில் தள்ளுபடி

“பக்கத்து ரூமுக்குச் சத்தமே கேக்கக் கூடாது தம்பி. மகன் டியூஷன்லேருந்து வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க” என்று அம்மா மூன்றாவது முறையாகக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மெக்கானிக் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றித் தூசியை ஊதினான். “கேம் ஆடினா கிராபிக்ஸ் கார்டு கொதிக்கும், ஃபேன் கத்தத்தான் செய்யும். வேகத்தைக் குறைக்கலாம். ஆனா சத்தத்துல தள்ளுபடி வாங்கினா, சூட்டுல வட்டி போட்டுடும்மா.”

“சூடு கிடக்கட்டும். சத்தம்தான் மானத்தை வாங்குது.”

“பரீட்சை நேரத்துல கேம் எதுக்கும்மா?”

“முடியற வரைக்கும் தொடறதில்லைன்னு சத்தியமே பண்ணியாச்சு. கை கேக்க மாட்டேங்குதே!”

மறுநாள் மாலை ஃபேன் மூச்சு விடவில்லை. பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த மகன் எழுந்து வரும் காலடி கேட்டதும், திரை சட்டென்று சமையல் குறிப்புக்கு மாறியது.

மகன் கம்ப்யூட்டரின் தலையில் கையை வைத்தான். சுட்டது.

“சமையல் குறிப்புக்கா இப்படிக் கொதிக்குது? ரெண்டு பேரும் சேர்ந்துதானே சத்தியம் பண்ணினோம்? நான் தொட்டேனா?” என்றபடி வயரைப் பிடுங்கக் குனிந்தான்.

அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “டேய், டேய்! சேவ் மட்டும் பண்ணிக்கறேன்டா!”