யார் உயரத்துக்கு?

"புது மேடை யாரு உயரத்துக்கு வேணும்?" பழைய சமையலறையை இடித்து முடித்த மேஸ்திரி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"மருமக உயரத்துக்கே வைங்க. அவ நல்ல உயரம், குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு ஒடிஞ்சிடும்" என்றாள் மாமியார்.

"ஐயோ, வேண்டாம் அத்தை! எக்கி எக்கி உங்க தோள்பட்டை என்னத்துக்கு ஆகும்? அண்ணே, அத்தை உயரத்துக்கே வைங்க."

மேஸ்திரி சுவரில் ஒரு கோடு போட்டார், அழித்தார். இன்னொன்று போட்டார், அதையும் அழித்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இருபது வருஷத் தொழில்ல இப்படி விட்டுக்கொடுக்கிற மாமியார் மருமகளை நான் பாத்ததே இல்லம்மா!"

அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்த மகன் சிரித்தான்.

"நீங்க வேற மேஸ்திரி! மேடை யாரு உயரத்துக்கோ, அவங்கதான் இனிமே சமையல்னு நேத்து நான் தீர்ப்பு சொல்லிட்டேன். அதான் ரெண்டு பேரும் இப்படி உருகுறாங்க."

மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் சேர்ந்து அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஆறடி இருந்தான்.

"மேஸ்திரி, டேப்பை இவன் இடுப்புல வைங்க" என்றாள் அம்மா.

"கூனாதீங்க தம்பி, நேரா நில்லுங்க" என்றார் மேஸ்திரி.