அந்த முப்பது கிலோமீட்டர்

"ஏறியிருக்கு!" என்றார் ஆடிட்டர், கார் ஜன்னலுக்குள் தலையை விட்டபடி. "போன வாரம் நான் பார்த்ததுக்கு இன்னிக்கு முப்பது கிலோமீட்டர் ஏறியிருக்கு. நிறுத்தி வச்ச வண்டி தானா ஓடுமா?"

பழைய கார் வியாபாரி தலையைச் சொறிந்தார். "ஞாயித்துக்கிழமை கொஞ்சம் வெளியில எடுத்தேன், சார்."

"விக்க வச்சிருக்கிற வண்டியில ஊர் சுத்துறீங்களா?"

வியாபாரி துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஆடிட்டரின் மனைவி கணவரின் சட்டைக் கையை இழுத்தாள். அவளுக்குக் கார் பிடித்துவிட்டது. ஷோரூமை விட்டு வந்து ஆறு மாதம்கூட ஆகாத வண்டி. சீட்டில் புது வாசனை இன்னும் போகவில்லை.

ஆனால் ஆடிட்டர் ஒரு தடவை சூடுபட்டவர். போன தடவை ஆசைப்பட்டு வாங்கிய காரில் சீட்டைக் கழற்றினால் அடியெல்லாம் சேறு. வெள்ளத்தில் முழுகி எழுந்த வண்டி. சேமிப்பு மொத்தமும் அதோடு போனது. அதிலிருந்து தீப்பெட்டி வாங்கினால்கூட ஒரு குச்சியைக் கிழித்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பார்.

இந்த ஒரு வாரமாக இந்த வண்டியையும் அவர் சும்மா விடவில்லை. மெக்கானிக்கைக் கூட்டி வந்து அடியில் படுக்க வைத்தார். சர்வீஸ் சென்டரில் விசாரித்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் துளைத்தெடுத்தார். ஒரு கீறல்கூட இல்லை என்றார்கள்.

அதுதான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

"ஒரு குறையும் இல்லாத புது வண்டியை இவ்வளவு சீக்கிரம் ஒருத்தர் ஏன் விக்கணும்?"

"அவருக்கு இனிமே தேவைப்படாது, சார். வண்டி மேல குத்தமே இல்ல."

"அதை அவர்கிட்டயே கேட்டுக்கிறேன். பேப்பர்ல விலாசம் இருக்கே."

வியாபாரியின் முகம் மாறிவிட்டது. "சார், அது மட்டும் வேண்டாம். வேற வண்டி காட்டுறேன், விலையில குறைச்சுக்கிறேன். அந்த வீட்டுக்கு மட்டும் போயிடாதீங்க. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"இப்பத் தெரியுதா குட்டு?" என்றார் ஆடிட்டர், மனைவியிடம்.

"இவ்வளவு கெஞ்சுறாரே, விட்டுடுங்களேன்."

"கெஞ்சுறாரே, அதனாலதான் போறேன்."

அன்று சாயங்காலமே போனார். குறுகலான தெரு, சின்ன வீடு, வாசலில் இரண்டு படி. மடிப்புக் கலையாத சட்டையோடு ஒரு பெரியவர் கதவைத் திறந்தார்.

"உங்க பையனைப் பார்க்கணும், ஐயா. அவர் வித்த காரைப் பத்திக் கேக்கணும்."

"காரா?" பெரியவர் சிரித்தார். "வித்தது வேற யாராவதா இருக்கும், தம்பி. எங்க வண்டி பையனோட ஆபீஸ்ல நிக்குது. இந்தத் தெருவுல நிறுத்த ஏது இடம்? போன ஞாயித்துக்கிழமைகூட என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போனானே!"

ஆடிட்டருக்குப் பொறி தட்டியது. அந்த முப்பது கிலோமீட்டர்! அப்பா, பிள்ளை, வியாபாரி, எல்லாரும் கூட்டு.

"யாருகிட்ட கதை விடுறீங்க? வித்து ரெண்டு மாசமாச்சு. உங்க பையன் கையெழுத்தை நானே பார்த்தேன். வண்டி கடையில நிக்குது. இதோ, பாருங்க!" என்று போனில் இருந்த படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

பெரியவர் பார்க்கவில்லை. அவர் பார்வை ஆடிட்டரின் தோளுக்கு மேலே எங்கேயோ இருந்தது. அவருக்குக் கண் தெரியாது என்பது அப்போதுதான் ஆடிட்டருக்கு உறைத்தது. நீட்டிய கையை மடக்கவும் தோன்றாமல் நின்றார்.

பெரியவர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்ச நாளா அவன் சிநேகிதன் ஒருத்தனும் வண்டியில வர்றான். வாயே திறக்க மாட்டான்" என்றார் மெதுவாக. "என் பையன்தான் பேசிக்கிட்டே வருவான். 'பாலத்துல ஏத்துறேம்பா, இப்பத் திருப்புறேம்பா'ன்னு. ஓட்டுறவன் குரல் ஏண்டா அந்தப் பக்கத்து சீட்லேருந்து வருதுன்னு கேட்டேன். தலையைத் திருப்பிப் பேசுறேம்பான்னான்."

வாயே திறக்காத அந்தச் சிநேகிதர் யாரென்று ஆடிட்டருக்குப் புரிந்துவிட்டது. காலையில் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற வியாபாரிதான்.

"எனக்கும் அவன் வயசுலதான் ஆரம்பிச்சது, தம்பி. முதல்ல, சாயங்காலமானா மங்கும். பிள்ளைக்கும் வரலாம்னு டாக்டர் அப்பவே சொன்னாரு." பெரியவரின் குரல் உடைந்தது. "சொல்லுங்க. அவனுக்கும் ஆரம்பிச்சிடுச்சா?"

ஊரையே கேள்வி கேட்டுவிட்டு வந்த ஆடிட்டர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வந்திருக்கவே கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. கிழித்துப் பார்த்த குச்சியை மறுபடியும் பெட்டிக்குள் வைக்க முடியுமா?

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. இருட்டத் தொடங்கியிருந்தது. உள்ளே வந்த இளைஞன் முதல் படியைக் காலால் தேடினான். கிடைக்காமல் தடுக்கி, சுவரைப் பிடித்துச் சமாளித்து நின்றான்.

அந்தத் தடுமாற்றம் பெரியவரின் காதில் விழுந்தது. அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாருப்பா வந்திருக்கிறது?" என்றான் மகன்.

"விலாசம் மாறி வந்துட்டாரு, பாவம். கிளம்பிட்டாரு" என்றார் பெரியவர். "வண்டி ஆபீஸ்லதானேடா நிக்குது?"

"ஆமாப்பா."

"சரி, ஞாயித்துக்கிழமை எங்கேயாவது போகலாம்." பெரியவர் மகனின் கையைத் தேடி இறுகப் பற்றிக்கொண்டார். "நீ ஓட்டினாத்தான் எனக்குப் பயமில்லாம இருக்கு."