ஓட்டப்பந்தயத்தில் முதலிடம்

பத்தாம் வகுப்பு படிக்கிறவளுக்கு இரண்டு வருடமாக மூட்டுவலி. அதை நம்புகிற ஒரே ஆள் அம்மா. அன்றும் அவளால் எழ முடியவில்லை. அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, காலையிலிருந்து அவள் காலை மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு விளையாட்டு டீச்சர் போன் செய்தார். "உங்க பொண்ணு ஓட்டப்பந்தயத்துல ஃபர்ஸ்ட்டும்மா! வலி வலின்னு இத்தனை நாளா உங்கள நல்லா ஏமாத்தியிருக்கா!"

"காலைலேருந்து என் மடியிலதானே டீச்சர் கிடக்கா!"

"அப்ப மெடல் வாங்கிட்டுக் கிளம்பினது யாரு?"

வாசல் மணி அடித்தது. அம்மா போய்த் திறந்தாள். சீருடையும் மெடலுமாக அதே முகம். நொண்டிக்கொண்டே உள்ளே வந்து கட்டிலில் சரிந்தது.

"முட்டி உயிர் போகுதும்மா."

"ஐயோ, என் கண்ணு!" என்று அம்மா அதன் காலைப் பிடித்தாள்.

படுத்திருந்தவள் பதறி எழுந்து உட்கார்ந்தாள்.

"நம்பாதம்மா, அவ நடிக்கிறா!"