ஆபீஸ் விட்டு வரும் வழி

பேங்க் காசாளருக்கு ஆபீஸ் விட்டால் நேரே வீடுதான். மனைவியின் ஆபீஸ் இன்னும் பக்கம். ஆனாலும் அவள் தினமும் இருட்டின பிறகுதான் வருவாள்.

"அப்படி எங்கேதான் சுத்துற?" என்று கேட்டால், "வழியில கொஞ்சம் வேலைங்க" என்பாள்.

என்ன பெரிய வேலை? சந்தேகம் மனுஷனைக் குடைந்தது. ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, அவள் ஏறிய பஸ்ஸிலேயே பின்பக்கமாகத் தொற்றிக்கொண்டார்.

பாதி வழியில் அவள் இறங்கினாள். இவரும் இறங்கி, பதுங்கிப் பதுங்கிப் பின்னால் போனார்.

மருந்துக் கடையில் அவர் அம்மாவுக்கு மாத்திரை வாங்கினாள். தையல்கடையில் அவர் பேன்ட்டுக்குக் கொக்கி வைத்து வாங்கினாள். அடுத்த தெருவில், தைக்கக் கொடுத்திருந்த அவருடைய ஷூ.

காசாளருக்குக் காலும் கடுத்தது, மனசும் கூசியது. நல்லவேளை, அவள் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் நழுவிவிடலாம் என்று ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். அவள் எதிரே இருந்த மளிகைக்கடையில் ஏறினாள்.

"அண்ணே, அரிசி ஒரு மூட்டை போடுங்க."

"மூட்டையா? எப்பவும் ரெண்டு கிலோதானேம்மா வாங்குவீங்க! எப்படித் தூக்கிட்டுப் போவீங்க?"

"இன்னைக்கு ஆள் இருக்குண்ணே. பஸ்ஸிலேருந்தே என் பின்னால வந்துட்டிருக்கார். அதோ, அந்தத் தூணுக்குப் பின்னால நிக்கறார் பாருங்க. கொஞ்சம் கூப்பிடுங்க."