உடைந்த தொட்டி

ரெஜினா டீச்சர் வீட்டு ஹாலில், ஜன்னலோரம், ஒரு மண்தொட்டியில் அத்திச்செடி வளர்ந்தது.

“மூச்சு முட்டுகிறது. நீ மட்டும் இல்லாவிட்டால் எப்போதோ மரமாகியிருப்பேன்” என்று அது தினமும் தொட்டியை ஏசும்.

நான்காம் வருஷம் வேர்கள் முட்டித் தள்ளியதில் தொட்டி உடைந்தது. டீச்சர் பெரிய தொட்டி ஒன்று வாங்கிவந்து செடியை அதில் வைத்தார்.

“ஒழிந்தது சனியன்” என்றது அத்தி.

புதுத் துளிர்களைப் பார்த்த பூரிப்பில் டீச்சர் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். அத்தனையும் வடிந்துபோனது.

ஒருநாள் அடிவரை இறங்கிய வேர், வடிகால் ஓட்டையின் மேல் டீச்சர் கவிழ்த்து வைத்திருந்த மண்சில்லில் இடித்தது.

“யாரது?”

“பழைய தொட்டிதான். இந்தமுறையாவது தள்ளாதே. நான் நகர்ந்தால் மண் இறங்கி ஓட்டை அடைபடும்; தண்ணீர் தேங்கி நீ அழுகிப்போவாய்.”